ஐந்து காட்டிய கை

சிவம்பா வட்டாரத்தில் யாரும் கையை விரித்து டாட்டா காட்டுவதில்லை. பஸ் ஏற்றிவிட வந்த தாய்கூட மகனைப் பார்த்து முஷ்டியை மடக்கித்தான் ஆட்டுவாள். மடக்கிய முஷ்டி ஆளுங்கட்சியின் சின்னம். விரித்த உள்ளங்கை எதிர்க்கட்சியின் சின்னம். கடவுள் கொடுத்த கையை இரண்டு கட்சிகளும் இப்படிப் பங்கு போட்டுக்கொண்டதில் ஜனங்களுக்கு மிஞ்சியது சட்டைப்பை மட்டும்தான். வகுப்பில் விடை தெரிந்த பிள்ளை ஒற்றை விரலைத்தான் தூக்கும். சந்தையில் ஐந்து தக்காளி கேட்கிறவள் ஒரு கையில் மூன்று விரலும் மறு கையில் இரண்டு விரலுமாகக் காட்டுவாள். தக்காளிக்காரியும் சிரிக்காமல் எண்ணிக் கொடுப்பாள்.

மழை பொய்த்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மாதம் ஒருமுறை பள்ளிக்கூட மைதானத்துக்கு மக்காச்சோள லாரி வரும். மூட்டைகளின் மேல் எந்த நாட்டுக் கொடியோ அச்சடித்திருக்கும். அது யார் கொடுத்த சோளமாக இருந்தாலும் சரி, லாரியிலிருந்து இறங்கும்போது கட்சி கொடுத்த சோளமாகிவிடும். தையல்காரர் முப்பினி எதிர்க்கட்சிக் கூட்டத்தில் ஓரமாக நின்றதை யாரோ பார்த்துச் சொல்லிவிட்டார்கள். சோளப் பட்டியலிலிருந்து அவர் பெயரை அடித்தார்கள். இரண்டு மாதம் காட்டில் பொறுக்கிய பப்பரப்புளிக் காயைக் கரைத்துக் கஞ்சி குடித்துப் பார்த்துவிட்டு, மூன்றாவது மாதம் பெண்டாட்டி பிள்ளைகளோடு எங்கோ நடந்து போனார். அவர் வீட்டுக் கதவுகூட இப்போது இல்லை.

ஷுவாய்க்கு இந்த விஷயத்தில் ஓர் அதிர்ஷ்டம் இருந்தது. அவள் வீட்டில் நாலு பேர். அவள், பதினொரு வயது விம்பாய், சின்னவன்கள் இரண்டு பேர். ஜோஹன்னஸ்பர்க் போன புருஷனிடமிருந்து இரண்டு வருஷமாகத் தகவல் இல்லாததால் பட்டியலில் அவன் இல்லை. மைதானத்தில் எழுதுகிறவன் தூரத்திலிருந்து ஒலிபெருக்கியில் கேட்பான், இங்கிருந்து விரலால் காட்ட வேண்டும். ஷுவாய் கட்டைவிரலை மடக்கி நாலு விரலைத் தூக்குவாள். ஒரே கை, ஒரு வம்பும் இல்லை.

ஒன்பது நாளுக்கு முன் அந்த நாலு ஐந்தாகிவிட்டது. வடக்கே ஒரு பகல் தூரத்திலிருந்து வந்த பஸ்ஸின் கண்டக்டர் ஆறு வயதுப் பெண் ஒருத்தியை இறக்கிவிட்டுப் போனான். தங்கை நெட்சாயின் மகள், யெவுகாய். ரொட்டிப் பையில் ஒரு கவுன், கவுனுக்குள் ஒரு துண்டுக் காகிதம். "கடை போயிற்று. நான் ஆற்றைத் தாண்டுகிறேன். இவளை வைத்துக்கொள். அவர் பெயரை மட்டும் யாரிடமும் சொல்லாதே." ஆறு என்றால் நாட்டு எல்லை. அவர் என்றால் ஜைரோஸ், நெட்சாயின் புருஷன். தன் கடைச் சுவரில் ஓர் ஆள் உயரத்துக்கு உள்ளங்கை வரைந்து வைத்தவன். அந்தச் சுவரோடு அவன் படம் பேப்பரில்கூட வந்திருந்தது.

வீட்டில் புது ஆள் தங்கினால் அன்றைக்கே சபூக்குவிடம் சொல்ல வேண்டும். சபூக்கு என்றால் ஊர்ப் புத்தகத்தை வைத்திருக்கிற தலைவர். பிறப்பு, சாவு, வரவு எல்லாம் அந்தப் புத்தகத்தில் ஏற வேண்டும். ஷுவாய் சொல்லவில்லை. பகலில் பெண்ணை வெளியே விடவில்லை. யாராவது வந்தால் காலிக் குதிருக்குப் பின்னால் தள்ளிவிடச் சொல்லி விம்பாய்க்குப் பழக்கியிருந்தாள். ஒன்பது நாளும் அவளுக்குத் தூக்கம் கிடையாது.

லாரி வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் சபூக்கு செங்கேத்தாவே வந்தார். அவள் புருஷனுக்குச் சித்தப்பா முறை. ஷுவாய் மண்டியிட்டுக் கைதட்டி வணங்கினாள். அவர் உள்ளே வரவில்லை. உள்ளே பார்க்கவும் இல்லை.

"நாளைக்குப் பழைய லிஸ்ட் செல்லாதாம். வீடு வீடா புதுசா எண்ணப் போறாங்க. உன் வீட்டுல நாலு."

ஷுவாய் வாசலை மறைத்தாற்போல நகர்ந்து உட்கார்ந்தாள்.

"எனக்குக் காது மந்தம், விம்பாயம்மா. இந்த வீட்டுல புதுசா ஒரு இருமல் கேட்டாலும் ஆடுன்னு நினைச்சுக்கிட்டுப் போயிருவேன். சேர்மனுக்குக் காது நல்லாக் கேக்கும். நாலுன்னே சொல்லு."

"ஆளுக்கு அஞ்சு கிலோவாக் குறைச்சுட்டாங்களாமே மாமா. இருபது கிலோவுல மாசம் முச்சூடும் எப்படி..."

"இருபதாவது வரும். ஒண்ணுமே வரலன்னா என்னாகும்னு தையக்காரன் வீட்டைப் போய்ப் பாரு."

அவர் சொன்னது நியாயம்தான். ஷுவாய் நாலு என்று முடிவு செய்தாள். மறுநாள் மைதானத்துக்குப் போகிற வழியெல்லாம் துப்பட்டிக்குள் கட்டைவிரலை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டாள்.

மைதானத்தில் நானூறு பேர் ஊர் ஊராக வரிசை பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். முதல் ஒரு மணி நேரம் சோளத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. இளைஞர் அணிக்காரர்கள் வாழ்க சொன்னால் வாழ்க சொல்ல வேண்டும், ஒழிக சொன்னால் ஒழிக. யார் முஷ்டி தாழ்ந்திருக்கிறது என்று பார்க்க வரிசைக்கு நடுவே இரண்டு பேர் நடந்துகொண்டிருந்தார்கள். பசித்தவன் கை சீக்கிரம் வலிக்கும். ஆனாலும் யாரும் இறக்கவில்லை. கட்சித் துணியில் தைத்த சட்டையோடு கட்சியின் வட்டாரச் சேர்மன் முசைக்வா வேப்பமர நிழலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு பெயர் கூப்பிட்டார்கள். கேள்வியை மாற்றிவிட்டார்கள் என்பது ஷுவாயின் மண்டையில் ஏறவில்லை. மற்ற மாதங்களில் குடும்பத்தில் எத்தனை பேர் என்று கேட்பார்கள். அதற்கு நாலு என்பது அவளுக்கு மனப்பாடம்.

"விம்பாயம்மா! நேத்து உங்க வீட்டுல எத்தனை பேரு களி சாப்பிட்டாங்க?"

ஒன்பது நாளாக அவள் கை தினமும் களியை ஐந்து உருண்டையாகப் பிரித்துக்கொண்டிருந்தது. யாருக்கும் ஒரு துளி கூடாமல் குறையாமல், கிள்ளிக் கிள்ளிச் சரிசெய்து, ஐந்து. கேள்வி காதில் விழுந்ததும் கை தானாக மேலே போனது. ஐந்து விரலும் விரிந்து, உள்ளங்கை சேர்மனைப் பார்த்து நின்றது.

மைதானம் அடங்கிப் போனது. எங்கோ ஒருவன் பயத்தில் களுக்கென்று சிரித்து, உடனே வாயைப் பொத்திக்கொண்டான். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் தன் பாவாடையை இழுத்துக்கொண்டு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தாள். அப்போதுதான் ஷுவாய் தன் கையைப் பார்த்தாள்.

"இறக்காதே," என்றார் சேர்மன். ஒலிபெருக்கி தேவைப்படவில்லை. "அந்தக் கையை அப்படியே வச்சிரு."

அவர் எழுந்து, அவசரமே இல்லாமல், வரிசைகளுக்கு நடுவே நடந்து வந்தார். அவர் வந்து சேரும்வரை ஷுவாய் கையை இறக்கவில்லை.

"இது என்னது?"

இதற்கு இரண்டே பதில்தான் இருந்தது. சின்னம் என்றால் அவள் எதிரி. எண் என்றால் புத்தகத்தில் இல்லாத ஐந்தாவது ஆள் ஒன்று அவள் வீட்டில் இருக்கிறது. முதல் பதிலுக்கு என்ன நடக்கும் என்பது ஊருக்கே தெரியும். இரண்டாவது பதிலுக்கு என்ன நடக்கும் என்பது யாருக்கும் தெரியாது. அவள் தெரியாததைப் பிடித்துக்கொண்டாள்.

"அஞ்சு, சேர்மன். நம்பர்தாங்க. சத்தியமா நம்பர்."

"போன மாசம் நாலு. புருஷன் ஜோஹன்னஸ்பர்க்குல இருந்துக்கிட்டே பார்சல்ல புள்ள அனுப்புறானா?"

இளைஞர் அணி சிரித்தது. அதைப் பார்த்து மைதானமும் சிரித்தது.

"தங்கச்சி மக, சேர்மன். முந்தாநாள்தான் வந்துச்சு. அப்பன் செத்துட்டான். தங்கச்சியால வச்சுக்க முடியல."

"அப்பன் எந்தக் கட்சி?"

"நம்ம கட்சிதாங்க."

"செத்தவன் எல்லாரும் நம்ம கட்சிதான்," என்றார் சேர்மன். திரும்பி, "சபூக்கு! உன் புஸ்தகத்துல இருக்கா இது?" என்று கேட்டார்.

செங்கேத்தாவே தொப்பியைக் கழற்றிக்கொண்டு எழுந்தார். "எனக்கு ஒண்ணும் தெரியாது சேர்மன். இப்பத்தான் கேள்விப்படுறேன்."

நேற்று ஆடு என்று நினைத்துக்கொள்வேன் என்று சொன்ன அதே வாய். ஷுவாய்க்கு அவர் மேல் கோபம்கூட வரவில்லை. அவருக்கும் வீட்டில் ஏழு வயிறு. ஆனால் இதைச் சொல்கிற எனக்குக் கோபம் வருகிறது. ஒரு மூட்டைச் சோளத்தை வைத்து ஒரு நல்ல மனுஷனை இப்படித் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க வைக்கிறார்களே, அவர்கள் மேல் வருகிறது.

சேர்மன் அவரைக் கையமர்த்தினார். "சரி, கையை இறக்கு. காட்நோஸ், லேர்ன்மோர், இங்க வாங்கடா. இவ மூட்டையைத் தூக்கிக்கிட்டு இவ வீட்டுக்குப் போங்க. அந்தப் பொண்ணைக் கேளுங்க. சின்னப் புள்ள பொய் சொல்லாது. சரியா இருந்தா அஞ்சு பேருக்கும் அங்கேயே கொட்டிட்டு வாங்க. சரியில்லன்னா மூட்டையோட திரும்பிருங்க. ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டு."

வீடு இரண்டு மைல். வந்தவர்கள் இரண்டு பேரும் இளைஞர் அணி. லேர்ன்மோர் மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தான். மேலும் படி என்று அம்மா ஆசையாக வைத்த பெயர், அவன் நாலாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டான். சுபாவத்தில் கெட்டவன் இல்லை. காட்நோஸ் வேறு ரகம். பேச்சு குறைவு, பார்வை அதிகம். போன தேர்தலின்போது அவன் எந்தெந்த வீட்டுக்குப் போனான் என்பதை ஊர் இன்னும் மறக்கவில்லை.

சின்னப் பிள்ளை பொய் சொல்லாது. அதுதான் ஷுவாயைக் கொன்றது. அப்பா பேர் என்ன என்று கேட்டால் யெவுகாய் ஜைரோஸ் என்று சொல்வாள். என்ன செய்தார் என்றால் சுவரில் பெரிய கை வரைந்தார் என்று பெருமையாகவே சொல்வாள். ஒன்பது நாளில் ஒளிந்துகொள்ளச் சொல்லிக் கொடுத்தோமே தவிர, பிடிபட்டால் என்ன சொல்வது என்று சொல்லிக் கொடுக்கவில்லையே. இப்படியும் ஒரு மடச்சி உண்டா என்று தன்னையே திட்டிக்கொண்டு நடந்தாள்.

"தம்பி, நான் கொஞ்சம் முன்னால ஓடிப் போய்க் குடிக்கத் தண்ணி எடுத்து வைக்கிறேன்."

"நாங்களே மொண்டு குடிச்சுக்குவோம் அக்கா," என்றான் காட்நோஸ். "சேந்தே போவோம்."

"விடுடா, மூட்டை கனக்குது, சீக்கிரம் தண்ணி வந்தா நல்லதுதானே," என்றான் லேர்ன்மோர்.

"நீ நடடா."

வறண்ட ஓடையைத் தாண்டி, தையல்காரர் வீட்டைத் தாண்டிப் போனார்கள். அந்த வீட்டைப் பார்க்காமலிருக்க ஷுவாய் தரையைப் பார்த்தே நடந்தாள். காலில் கல் குத்தியது தெரியவில்லை. மைதானத்திலேயே சின்னம் என்று சொல்லியிருந்தால் அடி தனக்கு மட்டும் விழுந்திருக்கும், பிள்ளை தப்பித்திருக்கும் என்று தோன்றியது. தோன்றி என்ன, இப்போது வாசலே தெரிகிறது.

விம்பாய் ஆட்களைப் பார்த்துவிட்டாள். யெவுகாயைக் குதிருக்குப் பின்னால் தள்ளவும் தள்ளினாள். ஆனால் காட்நோஸின் கண் அதைவிட வேகம்.

"வெளியே வா பாப்பா. நாங்க மாமாதான், பயப்படாதே."

யெவுகாய் வந்தாள். முட்டியில் புழுதி. பெரியம்மாவைப் பார்த்தாள், மூட்டையைப் பார்த்தாள், பிறகு அந்த இரண்டு பேரின் கட்சிச் சட்டையைப் பார்த்தாள். சட்டையைப் பார்த்ததும் ஓரடி பின்வாங்கினாள். ஷுவாய் வாயைத் திறந்தாள். காட்நோஸ் அவள் பக்கம் ஒரு விரலை நீட்டினான், அவள் மூடிக்கொண்டாள்.

"உங்கப்பா பேரு என்ன?"

யெவுகாய் வலது கையை மடக்கி, தலைக்கு மேல் எவ்வளவு உயரம் போகுமோ அவ்வளவு உயரம் தூக்கினாள். தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினாள்.

"உள்ளங்கை ஒழிக! துரோகி ஒழிக! ஒழிக! ஒழிக!"

லேர்ன்மோர் மூட்டையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான். "அடி என் கண்ணு! நம்ம மீட்டிங்குல கத்துறவனுக்குக்கூட இவ்வளவு தொண்டை கிடையாதுடா."

காட்நோஸ் சிரிக்கவில்லை. அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தான். "இதை யாரு சொல்லிக் குடுத்தா?"

"நிறைய அண்ணன்க. எங்க கடைக்கு வந்தாங்க."

"எதுக்கு வந்தாங்க?"

"பாட்டுப் பாடினாங்க. இந்த மாதிரி சட்டை போட்டிருந்தாங்க. நெருப்புப் போட்டாங்க. பெரிய நெருப்பு."

அவ்வளவுதான், முடிந்தது என்று ஷுவாய் நினைத்தாள். ஆனால் காட்நோஸின் முகம் மாறியது. அவன் வளர்ந்ததே கட்சியின் ராக்கூட்டங்களில்தான். ஊர் நடுவே விறகை அடுக்கிப் பெரிய தீ மூட்டி, விடியும்வரை அதைச் சுற்றிப் பாடிக் கோஷம் போடுவார்கள். நெருப்பு, பாட்டு, கட்சிச் சட்டை என்றால் அவனுக்கு அது ஒன்றுதான் நினைவுக்கு வரும். கொளுத்துகிற வேலைக்கும் அதே பாட்டைத்தான் பாடிக்கொண்டு போவார்கள் என்பது அவனுக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் கொளுத்தப்பட்ட வீட்டுப் பிள்ளை தன் முன்னால் முஷ்டியைத் தூக்கும் என்று அவனால் நினைக்க முடியவில்லை.

"உங்க கடை வாசல்லயா கூட்டம் நடந்துச்சு?"

"ஆமா. விடிய விடிய."

"உங்கப்பா?"

"அப்பாதான் நடுவுல நின்னாரு. எல்லாரும் அவரைச் சுத்தி நின்னாங்க."

"பேசினாரா?"

"கொஞ்சம் பேசினாரு. அப்புறம் பாட்டுச் சத்தத்துல எனக்குக் கேக்கல."

காட்நோஸ் எழுந்து நின்றான். அவன் ஷுவாயைப் பார்த்த பார்வையில் முதல்முறையாக ஒரு மரியாதை இருந்தது.

"தலைவரா இருந்திருக்காரு. இதை அங்கேயே சொல்லியிருக்கலாமேக்கா. எதுக்கு ஒளிச்சு வச்சீங்க?"

ஷுவாய்க்கு நெட்சாயின் காகிதம் ஞாபகம் வந்தது. நாங்கள் ஆற்றைத் தாண்டுகிறோம் என்று அவள் எழுதவில்லை. நான் என்றுதான் எழுதியிருந்தாள். ஒன்பது நாளாகப் படித்தும் ஷுவாய்க்கு அது உறைக்கவில்லை. மைதானத்தில் வாய்க்கு வந்தபடி அப்பன் செத்துட்டான் என்று சொன்னாளே, அது பொய்யே இல்லை போலிருக்கிறது. ஷுவாய் முஷ்டியை நெஞ்சோடு வைத்துத் தலையைக் குனிந்தாள். துக்கத்தில் இருக்கிற கட்சிக் குடும்பத்துப் பெண் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

லேர்ன்மோர் தகர டப்பாவால் அளந்து காலிக் குதிருக்குள் கொட்டினான். ஐந்து பேருக்கு இருபத்தைந்து கிலோ. அதற்கு மேலும் அரை டப்பா கொட்டினான். "இது பாப்பாவோட தொண்டைக்கு," என்றான்.

"அடுத்த மாசக் கூட்டத்துக்கு இவளைக் கூட்டிட்டு வாங்க," என்றான் காட்நோஸ் போகும்போது. "முன்வரிசையில நிக்க வச்சுக் கத்தச் சொல்லணும். சேர்மன் கேக்கட்டும். அப்பா பேரு அப்பச் சொன்னாப் போதும், புஸ்தகத்துல ஏத்திருவோம்."

அவர்கள் போன பிறகும் வெகு நேரம் ஷுவாய் வாசல் மண்ணிலேயே உட்கார்ந்திருந்தாள். இன்னும் முப்பது நாள் இருக்கிறது. அதற்குள் ஒரு பெயரைக் கண்டுபிடிக்க வேண்டும், எந்தச் சுவரிலும் எதையும் வரையாத ஒரு செத்தவனின் பெயர். அதை இந்தப் பிள்ளைக்கு மனப்பாடம் பண்ணி வைக்க வேண்டும். இல்லையென்றால் பஸ் பிடித்து இவளை வேறெங்காவது அனுப்ப வேண்டும். எங்கே அனுப்புவது? விம்பாய் பக்கத்தில் வந்து, "உலை வைக்கட்டுமாம்மா?" என்று கேட்டாள். வை என்று தலையாட்டினாள்.

யெவுகாய் வந்து மடியில் ஏறி உட்கார்ந்தாள். ஷுவாய் அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"பெரியம்மா."

"என்னடா கண்ணு?"

"நான் ஒழிக சொன்னது அப்பாவுக்குக் கேட்டிருக்குமா?"

"கேட்டிருக்காதுடா. அப்பா ரொம்பத் தூரத்துல இருக்காரு."

யெவுகாய் நிமிர்ந்து பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"நான் ரொம்பச் சத்தமா சொன்னேன், பெரியம்மா," என்றாள்.